எண்ணெய் ஊட்டும் கப்பல்: ‘ஓல்மெடா’வின் பணியும் முடிவும்

கப்பற்படை என்றவுடன் பீரங்கிகளும் விமானங்களும் ஏவுகணைகளுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அவற்றைத் தாங்கிச் செல்லும் கப்பலுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் சிலரே. போர்க்கப்பல் வேகத்திற்காகவும் தாக்கும் வலிமைக்காகவும் கட்டப்படுவது. ஆதலின் அதன் எண்ணெய்த் தொட்டிகளுக்கு ஒதுக்கப்படும் இடம் குறைவு. முழு வேகத்தில் ஓடும் சிறிய போர்க்கப்பல் சில நாட்களிலேயே தன் எண்ணெயைத் தீர்த்துவிடும். துறைமுகம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்குமாயின், அது பாதி வழியில் திரும்ப வேண்டும். அல்லது துறைமுகமே அதனைத் தேடிக் கடல் நடுவே வர வேண்டும். இரண்டாவது வேலையைச் செய்வனவே வழங்கற் கப்பல்கள். அவற்றுள் ஒன்றான பிரிட்டனின் ‘ஓல்மெடா’, 1965-ஆம் ஆண்டு முதல் 29 ஆண்டுகள் உழைத்து, முடிவில் நம் நாட்டின் குஜராத் கடற்கரையில் உடைபட்டது. அதன் பணி யாது, அப்பணி எவ்வாறு நடைபெற்றது, அதன் முடிவு எத்தகையது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

நீராவிக் கப்பல்கள் நிலக்கரியை எரித்த நாட்களில், கடல் நடுவே எரிபொருள் ஏற்றுவது மிகக் கடினமான செயலாக இருந்தது. மூட்டை மூட்டையாகக் கரியைக் கயிற்றில் கட்டி, அலையில் ஆடும் ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதென்றால் அதன் இடர்ப்பாட்டை விளக்கத் தேவையில்லை. எனவேதான் பிரிட்டன் உலகெங்கும் கரி நிலையங்களைக் கைக்கொண்டிருந்தது. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதம் ‘ராயல் பிளீட் ஆக்ஸிலியரி’ எனப்படும் துணைக்கப்பல் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. இதன் கப்பல்கள் கப்பற்படைக்காக உழைப்பவையாயினும், அவற்றை இயக்குவோர் படைவீரர் அல்லர், குடிமக்களான மாலுமிகள். கப்பல்கள் கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதும் நிலைமை மாறிற்று. எண்ணெய் தானே ஓடும். குழாய் ஒன்றிருந்தால் போதும். 1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘மாமி’ என்னும் எண்ணெய்க் கப்பல், அட்லாண்டிக் கடலின் நடுவே சிறு போர்க்கப்பல்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் வழங்கிற்று. அதில் பணியாற்றிய இளம் அதிகாரி ஒருவர், செஸ்டர் நிமிட்ஸ், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பசிபிக் கப்பற்படைக்கே தலைமை தாங்கினார். அவர் படையின் வெற்றிக்கு எண்ணெய்க் கப்பல்கள் எத்துணை உதவின என்பதை நோக்கின், இளமையில் கற்ற இந்தப் பாடம் வீணாகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பிரிட்டன் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றது. அதற்கு இடமாக அமைந்தது தமிழர் நன்கறிந்த திருகோணமலையாகும். அங்குள்ள சீனன்குடாப் பகுதியில் பிரிட்டிஷார் 101 பெரும் எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டினர். ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் கொள்ளக்கூடியது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் நிகழ்ந்த ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தொட்டி அழிந்தது; 99 தொட்டிகள் எஞ்சியுள்ளன. அவற்றைச் சீரமைத்துப் பயன்படுத்துவது பற்றி இந்தியாவும் இலங்கையும் 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் உடன்பாடு செய்துகொண்டன. 1945-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் பசிபிக் கப்பற்படை இத்துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, வழியில் சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்கியபின் ஆஸ்திரேலியா சென்றது. திருகோணமலையை விட்டு விலக விலக அதன் குறை வெளிப்பட்டது. உடன் சென்ற எண்ணெய்க் கப்பல்கள் மெதுவானவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. அவை பெரும்பாலும் தம் பின்புறத்தில் ரப்பர்க் குழாயை மிதக்கவிட்டன. பின்னால் வரும் போர்க்கப்பல் அதனைத் தூக்கி எடுத்து இணைத்துக்கொண்டது. ஒரு நேரத்தில் ஒரு கப்பலுக்கே இவ்வாறு வழங்க இயலும். அமெரிக்கரோ பக்கவாட்டில் ஓடி, இருபுறமும் இரு கப்பல்களுக்கு ஒரே வேளையில் வழங்கினர். எண்ணெய் ஏற்றும் நேரமெல்லாம் பகைவரின் நீர்மூழ்கிக்கு எளிய இலக்காக இருக்கும் நேரமாதலின், இவ்வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடாயிற்று.

போருக்குப் பின்னர் வணிக எண்ணெய்க் கப்பலைக் கடன் வாங்கிச் சமாளிக்கும் முறையைக் கைவிட்டு, கப்பற்படையோடு இணையாக ஓடவல்ல எண்ணெய்க் கப்பல்களைப் பிரிட்டன் தனியே கட்டத் தொடங்கிற்று. அவ்வரிசையில் 1960-களில் தோன்றியவை ‘ஓல்’ வகையைச் சேர்ந்த மூன்று கப்பல்கள். ஓல்மெடா 1964-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்வான் ஹண்டர் தளத்தில் நீரில் இறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் ‘ஓலியாண்டர்’. ‘லியாண்டர்’ என்னும் போர்க்கப்பலோடு பெயர்க்குழப்பம் நேர்ந்தமையால் 1967-இல் பெயர் மாற்றப்பட்டது. கம்பியில்லாத் தந்திச் செய்தியில் ஓரெழுத்து மாறினால் எண்ணெய் ஒரு கப்பலுக்கும் கட்டளை மற்றொன்றுக்கும் போய்ச் சேரும் என்பதால், இம்மாற்றத்தை வெறும் அலுவலக வழக்கமென எண்ணலாகாது. உடன்பிறந்த கப்பல்கள் ஓல்வென், ஓல்னா என்பன.

ஓல்மெடாவின் நீளம் 197 மீட்டருக்குச் சற்று மேல். அகலம் 25 மீட்டருக்கு மேல். முழுப் பாரத்துடன் அதன் எடை சுமார் 36,000 டன். கொதிகலத்தில் உண்டான நீராவி டர்பைனைச் சுழற்ற, 26,500 குதிரைத்திறன் கிடைத்தது. வேகம் மணிக்கு சுமார் 20 கடல்மைல். உலை எண்ணெய், டீசல், விமான எண்ணெய் ஆகிய எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 24,000 டன் அதில் ஏற்றலாம். சீனன்குடாத் தொட்டிகளுள் இரண்டினைப் பெயர்த்தெடுத்து, கப்பற்படையின் வேகத்தில் ஓடும்படி செய்ததற்கு இது ஒப்பாகும். பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கவும் தங்கவும் இடமிருந்தது.

எண்ணெய் மாறும் விதம்

இரு கப்பல்களும் 30 முதல் 50 மீட்டர் வரையிலான இடைவெளியில் பக்கத்தில் பக்கமாக, ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடுகின்றன. வழங்கும் கப்பல் தன் திசையையும் வேகத்தையும் சிறிதும் மாற்றுவதில்லை. பெறும் கப்பலே அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதலில் துப்பாக்கியினால் மெல்லிய நூல் ஒன்று எய்யப்படுகிறது. நூலில் கட்டிய கயிறும், கயிற்றில் கட்டிய கம்பிவடமும் அடுத்தடுத்து இழுத்துக்கொள்ளப்படுகின்றன. இரு கப்பல்களுக்கும் இடையே இறுகக் கட்டிய இவ்வடத்தில் கப்பிகள் ஓடுகின்றன. கப்பிகளிலிருந்து எண்ணெய்க் குழாய் வளைவு வளைவாகத் தொங்குகிறது. மற்றொரு மெல்லிய கயிற்றில் குறித்த தூரங்களில் வண்ணக் கொடிகள் கட்டப்பட்டிருக்கும், இரவில் விளக்குகள். இடைவெளி எத்துணை என்பதைத் தலைமை மாலுமி இக்கயிற்றைப் பார்த்தே அறிகிறார்.

இடுக்கி எல்லையில் பணிபுரிவோர் இதனைத் தம் மலையிலேயே நினைத்துப் பார்க்கலாம். மூணாற்றுக்குக் கிழக்கே உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து, கீழே தமிழ்நாட்டுப் பக்கமுள்ள கோட்டகுடிக்கு முன்னாளில் கம்பிவட வழி ஒன்று இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் கொண்டுவந்து சேர்த்த தேயிலைப் பெட்டிகள் அவ்வடத்தில் தொங்கியபடியே போடி செல்லும் வழியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. கடலில் நிகழ்வதும் இதே கம்பிவட வழிதான். வேறுபாடு யாதெனில், மலையில் இருமுனைகளும் பாறையில் ஊன்றி நின்றன. கடலில் இருமுனைகளும் ஓடுகின்றன, ஏறி இறங்குகின்றன, பக்கவாட்டில் சாய்கின்றன. இரு கப்பல்களும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் வடம் அறுபடும். ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால் வடம் தளர்ந்து குழாய் கடலில் தோயும். ஆகவே வடத்தைப் பற்றியுள்ள உருளை, இழுவிசை மிகும்போது தானே வடத்தை விட்டுக்கொடுத்தும், குறையும்போது தானே சுருட்டிக்கொண்டும் இயங்குமாறு அமைக்கப்பட்டது.

வேகக் கணக்கினை ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டலாம். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு 12 கடல்மைல் வேகமென்பது சுமார் 22 கிலோமீட்டர். மிதிவண்டியைச் சற்று விரைவாக ஓட்டுபவரின் வேகமே. இரு கப்பல்களின் வேகத்தில் அரைக் கடல்மைல் மட்டும் வேறுபாடு நேர்ந்தால் என்ன ஆகும்? 926 மீட்டரை 60 நிமிடத்தால் வகுத்தால், நிமிடத்திற்கு 15 மீட்டருக்கு மேல் ஒரு கப்பல் மற்றொன்றை முந்திவிடும். சில நிமிடங்களில் குழாய் அறுந்துவிடும். எண்ணெய் ஏற்றுதல் பல மணி நேரம் நீடிக்கும். அவ்வளவு நேரமும் சுக்கான் பிடிப்பவரின் கண் அசையலாகாது.

இதனினும் நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. இரு கப்பல்களுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியில் நீர் விரைந்து ஓடுகிறது. விரைந்து ஓடும் நீரில் அழுத்தம் குறைகிறது. வெளிப்புற நீரின் அழுத்தம் மாறாதிருப்பதால் இரு கப்பல்களும் ஒன்றையொன்று நோக்கித் தள்ளப்படுகின்றன. இரு தாள்களை விரற்கடை இடைவெளியில் தொங்கவிட்டு அவற்றின் நடுவே ஊதினால் தாள்கள் விலகாமல் நெருங்குவதை மாணவர் காணலாம், விதி ஒன்றே. அன்றியும், கப்பலின் முகப்பில் நீர் குவிந்து அழுத்தம் மிகுந்திருக்கும். ஆதலின் பெறும் கப்பல் பின்னிருந்து நெருங்கும்போது முதலில் விலக்கும் விசையையும், பக்கத்தில் வந்தபின் ஈர்க்கும் விசையையும், கடந்து செல்லும்போது மீண்டும் வேறொரு திருப்பத்தையும் உணர்கிறது. 1911-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கரையோரம் ‘ஒலிம்பிக்’ என்னும் பெரும் பயணிக் கப்பலின் பக்கமாக ஓடிய ‘ஹாக்’ என்னும் போர்க்கப்பல் திடீரெனத் திரும்பி அதன் மீது மோதிற்று. பெருங்கப்பலின் ஈர்ப்பே காரணமென நீதிமன்றம் கொண்டது. அன்று விபத்தாக நேர்ந்த நெருக்கத்தில்தான் எண்ணெய்க் கப்பல் மாலுமிகள் நாள்தோறும் விரும்பி ஓடுகின்றனர்.

1982

ஓல்மெடா தன் பணியின் முழுப்பொருளையும் காட்டிய ஆண்டு 1982. தென் அட்லாண்டிக்கிலுள்ள பாக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் கைப்பற்றியது. பிரிட்டனிலிருந்து அத்தீவுகள் சுமார் 8,000 கடல்மைல், அதாவது 14,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. நம் நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடி வரையுள்ள நீளத்தைப் போல் நாலரை மடங்கு. வழியில் பிரிட்டனுக்குரிய இடம் அசென்ஷன் தீவு ஒன்றே. ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் தலைமை தாங்கிய குழுவோடு ஓல்மெடாவும் அம்மாதத்திலேயே புறப்பட்டது. பின்னர் ஓல்னாவும் சேர்ந்தது. ‘டைட்பூல்’ என்னும் மூத்த எண்ணெய்க் கப்பல் சிலி நாட்டிற்கு விற்கப்பட்டு ஒப்படைக்கப்படும் தறுவாயில் இருந்தது. அதையும் திரும்ப அழைத்துக்கொண்டனர். போர் முடிந்தபின், அவ்வாண்டிலேயே அது சிலியிடம் சேர்ந்தது. விற்ற பொருளைத் திரும்பக் கேட்க நேர்ந்ததிலிருந்தே தட்டுப்பாட்டின் அளவு விளங்கும்.

ஓல் கப்பல்களின் எண்ணெயும் தீருமன்றோ? அவற்றிற்கு ஊட்ட, வாடகைக்கு அமர்த்திய வணிக எண்ணெய்க் கப்பல்கள் பிரிட்டனிலிருந்து வந்தன. அவை மெதுவானவை, போர்முனைக்குச் செல்லத் தகாதவை. அவை பாதுகாப்பான கடலில் ஓல்மெடா போன்றவற்றிற்கு எண்ணெய் மாற்றின. ஓல்மெடா அதனைப் போர்க்கப்பல்களிடம் கொண்டு சேர்த்தது. தொழிற்சாலையிலிருந்து மொத்தக் கிடங்கிற்கும், கிடங்கிலிருந்து ஊர்க் கடைக்கும் பண்டம் செல்வதைப் போன்ற ஏற்பாடு இது. கடை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஜூன் மாதம் தென் துலே என்னும் பனித்தீவை மீட்கச் சென்ற சிறு கப்பற்குழுவிலும் ஓல்மெடா இடம்பெற்றது. அப்போரில் துணைக்கப்பல் அமைப்பு உயிரிழப்பையும் கண்டது. ஜூன் 8-ஆம் நாள் குண்டுவீச்சுக்கு ஆளான ‘சர் கலஹாட்’ அவ்வமைப்பின் கப்பலே.

ஹெர்மிஸின் பிற்கால வரலாறு நம்முடையது. அதனை இந்தியா வாங்கி 1987-இல் ‘விராட்’ என்னும் பெயரில் கப்பற்படையில் சேர்த்தது. 2017-இல் அது ஓய்வு பெற்றது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் உடைப்பதற்காக அலாங் கடற்கரையை அடைந்தது. அதற்கு எண்ணெய் வழங்கும் கடமையோடு உடன் சென்ற ஓல்மெடா, அதே கரைக்கு 26 ஆண்டுகள் முன்னதாக, 1994-இல் வந்துவிட்டது. ஓல்வென்னும் ஓல்னாவும் 2001-இல் வந்து சேர்ந்தன. நீராவிக் கப்பலை இயக்க ஆட்கள் மிகுதியாகத் தேவை. அதன் அடிப்பகுதியோ ஒற்றைச் சுவர் கொண்டது, பாறையில் மோதினால் எண்ணெய் நேரே கடலில் கலக்கும். இவ்விரண்டும் புதிய காலத்திற்கு ஒவ்வாமையால், 2003-இல் இரட்டைச் சுவர் கொண்ட ‘வேவ்’ வகைக் கப்பல்கள் பணியேற்றன.

அலாங்

அலாங், பாவ்நகர் மாவட்டத்தில் காம்பத் வளைகுடாவின் மேற்குக் கரையில் உள்ளது. 1983-ஆம் ஆண்டு முதல் அங்குக் கப்பல் உடைக்கப்படுகிறது. இத்தொழிலுக்கு அவ்விடம் உகந்தமைக்குக் காரணம் கடல் ஏற்றமும் இறக்கமுமாகும். புனல் வடிவில் ஒடுங்கும் வளைகுடாவில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாடு அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏறத்தாழ 10 மீட்டர் வரை செல்லும். உயரேற்ற நாளில் கப்பலைக் கரைநோக்கி விரைந்து ஓட்டி மணலில் ஏற்றிவிடுகின்றனர். நீர் வற்றியதும் கப்பல் தரையில் நிற்கிறது. உலர்தளமோ பெரும் பளுதூக்கியோ இன்றியே வேலை தொடங்குகிறது. கிடைக்கும் எஃகுத் தகடுகளில் பெரும்பகுதி உருட்டாலைகளுக்குச் சென்று, கட்டடங்களுக்கான கம்பிகளாக மாறுகிறது. பொருளாதார நோக்கில் இது சிக்கனமே. சுரங்கத் தாதுவை உருக்குவதைவிட எரிபொருள் குறைவாகவே செலவாகும்.

ஆனால் எண்ணெய்க் கப்பலை உடைப்பதில் உயிருக்கு ஆபத்து மிகுதி. எண்ணெய் நிறைந்த தொட்டியைவிட எண்ணெய் வடிந்த தொட்டியே அபாயகரமானது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். திரவ எண்ணெய் எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்தே எரிகிறது. காற்றில் இந்த ஆவி ஏறத்தாழ 1 விழுக்காட்டிற்கும் 10 விழுக்காட்டிற்கும் இடைப்பட்டு இருக்கும்போது சிறு பொறியே வெடிப்பை உண்டாக்கும். நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. வடிந்த தொட்டியிலோ சுவரில் ஒட்டிய எண்ணெயும், அடியில் தங்கிய மண்டியும் மெல்ல மெல்ல ஆவியை விட்டுக்கொண்டே இருக்கின்றன. காலையில் சோதித்தபோது பாதுகாப்பாயிருந்த அறை, வெயிலேறிய நண்பகலில் அவ்வாறு இராது. அதன் தகட்டை வெட்டுவது ஆக்ஸிஜன் கலந்த எரிவாயுச் சுடர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கழுவிக் காற்றோட்டம் செய்து, கருவியால் அளந்து, வெட்டும் நேரத்திலும் மீண்டும் அளந்த பின்னரே சுடரை ஏற்ற வேண்டும் என்னும் விதி இதனால் ஏற்பட்டது.

இரண்டாவது கேடு கல்நார். 1960-களில் கட்டிய நீராவிக் கப்பல்களில் கொதிகலத்தையும் நீராவிக் குழாய்களையும் கல்நாரால் பொதிவது வழக்கம். சூட்டைத் தாங்குவதில் அதற்கு இணையில்லை. அப்பொதியைப் பிய்க்கும்போது பறக்கும் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, நார்த்தடிப்பையும் புற்றையும் உண்டாக்குகின்றன. நோய் வெளிப்பட 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். அலாங்கில் உழைப்போரில் பெரும்பாலோர் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசம், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். நோய் தோன்றும் காலத்தில் அவர்கள் தம் ஊர் திரும்பியிருப்பர். அவ்வூர் மருத்துவர், உழவர் ஒருவரின் மூச்சுத்திணறலைக் கண்டு, பல ஆண்டுகளுக்கு முன் அவர் உடைத்த பிரிட்டிஷ் கப்பலை நினைக்க வழியில்லை. வெளியூர் வேலைக்குச் சென்று திரும்பியவர்களைச் சந்திக்கும் களப்பணியாளர், அவர்கள் முன்னர்ச் செய்த தொழில் யாதெனக் கேட்டுக் குறித்து வைத்தல் இவ்வகையில் மிகவும் பயன்படும். கல்நார்த் தகட்டுக் கூரைகளை வெட்டியும் உடைத்தும் வேலை செய்வோர்க்கும் இது பொருந்தும்.

ஓல்மெடா வந்த 1994-இல் இவற்றைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நச்சுப்பொருள் நீக்கப்பட்ட பின்னரே கப்பல்களை உடைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கட்டளைகளைப் பிறப்பித்தது. ‘கிளமென்சோ’ என்னும் பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கல்நார் காரணமாக எழுந்த எதிர்ப்பினால் 2006-இல் அலாங் வரும் வழியிலேயே திரும்பிச் சென்றது. 2009-இல் ஹாங்காங்கில் சர்வதேச உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டது. இந்தியா 2019-இல் அதில் சேர்ந்து, அவ்வாண்டே கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. உடன்படிக்கை 2025-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கப்பலும் தன்னுள் எந்த நச்சுப்பொருள் எவ்விடத்தில் எவ்வளவு உள்ளது என்னும் பட்டியலைச் சுமந்து செல்ல வேண்டும் என்பது அதன் முக்கிய விதி.

இவ்விதியில் ஒரு விலக்கு உண்டு. போர்க்கப்பல்களும், அரசின் வணிகமல்லாத பணியிலுள்ள கப்பற்படைத் துணைக்கப்பல்களும் உடன்படிக்கையின் எல்லைக்குள் வருவதில்லை. இந்தியச் சட்டமும் அவ்வாறே விலக்களிக்கிறது. அவையும் இயன்றவரை அதே நெறியில் நடக்குமாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தந்த நாட்டுக்கு விடப்பட்டுள்ளது. வணிக எண்ணெய்க் கப்பலுக்குக் கட்டாயமான பட்டியல், ஓல்மெடா போன்றதொரு கப்பலுக்கு அதன் பணிக்காலத்தில் கட்டாயமில்லை. நம் கப்பற்படைக்கென 1967-இல் ஜெர்மனியில் கட்டிய ‘தீபக்’ முதல், 2011-இல் இத்தாலியிலிருந்து வந்து அதே பெயரைத் தாங்கும் புதிய கப்பல் வரை, எண்ணெய் வழங்கும் கப்பல்கள் நம்மிடமும் பணிபுரிந்து வந்துள்ளன. புதிய தீபக் மணிக்கு 1,500 டன் எண்ணெயை மாற்றவல்லது. 44,000 டன் எடையுள்ள ஐந்து வழங்கற் கப்பல்களை விசாகப்பட்டினத்து ஹிந்துஸ்தான் கப்பற்கட்டுந்தளம் கட்டித் தருவதற்கு 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஒப்பந்தமாயிற்று. இவற்றின் தொட்டிகளிலும் குழாய்ப் பொதிகளிலும் அடங்கும் பொருள்களின் பட்டியலைக் கட்டும் காலத்திலேயே எழுதி வைப்பது எளிது. கப்பல் ஓய்வு பெற்ற பின்னர் அதனைத் தொகுப்பதாயின், ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஆள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.